இரண்டு குவியல்

"இந்தக் குவியலையும் பாருங்கம்மா, அந்தக் குவியலையும் பாருங்க. நான் எதுவும் சொல்லவே வேண்டாம்" என்றான் மாப்பிள்ளை.

முதலாளியம்மா பார்த்தார். பேக்கரியின் பின்பக்கம், மாப்பிள்ளை பிளந்த விறகு மதிலைத் தொட்டுக்கொண்டு நின்றது. மச்சான் பிளந்தது முழங்கால் உயரம்கூட இல்லை.

அடுப்புக்கு விறகு பிளக்கும் அந்த இரண்டு பேரும் நிஜமாகவே உறவுதான். மச்சானின் தங்கையைத்தான் மாப்பிள்ளை கட்டியிருந்தான். அதனால் பேக்கரியில் எல்லோருக்குமே அவர் மச்சான், இவன் மாப்பிள்ளை.

"எல்லாம் அந்த ஆப்பால வர்ற வினைம்மா. ஆப்பை நட்டு வெச்சுக்கிட்டு டங்கு டங்குன்னு சம்மட்டியால அடிச்சிக்கிட்டே நிக்கிறார். என் கோடாலியைப் பாருங்க. தலை கனம், பிடி நீளம். ஒரே போடு, கட்டை பன்னு மாதிரி ரெண்டாப் பிளந்துக்குது."

"நீ எடுத்துச் சொல்றதுதானே?"

"சொல்லாமலா? என் கோடாலியையே நீட்டினேன். 'எனக்கு இதுதான் கைக்கு வாகு மாப்பிள்ளை'ன்னு சிரிக்கிறார். சிரிச்சா அடுப்பு எரியுமா?"

அடுப்பு எரிந்ததோ இல்லையோ, மாப்பிள்ளைக்கு வயிறு எரிந்தது. பெண் கொடுத்தவராயிற்றே என்று இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். வீட்டில் வாயைத் திறந்தால் மனைவி, "எங்க அண்ணன் வேலைக்கு வஞ்சகம் பண்ற ஆளில்லை" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தான் முதுகொடிய உழைப்பதும், அவர் பக்கத்தில் நின்று ஆப்பைத் தடவிக்கொடுப்பதும் என்ன நியாயம்?

முதலாளியம்மா நேராக மச்சானிடம் போனார்.

"உங்களால முடியலைன்னா முன்னாடியே சொல்லியிருக்கணும். கல்யாண ஆர்டர், கடை ஆர்டர்னு அடுப்பு அணையாம எரியுது. இப்படி நோகாம தட்டிக்கிட்டிருந்தா எப்படி? நாளையிலேர்ந்து உங்க மாப்பிள்ளை ஒருத்தரே போதும்."

மச்சான் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு குவியல்களைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார். ஆப்புகளைச் சாக்கில் போட்டுக் கட்டிச் சம்மட்டியைத் தோளில் வைத்துக்கொண்டார்.

போகும்போது மட்டும், "பார்த்து நிதானமா செய்யுங்க மாப்பிள்ளை" என்றார்.

குத்திக்காட்டிவிட்டுப் போகிறாராக்கும் என்று நினைத்தான் அவன்.

மறுநாள் காலை. அவன் பக்கம் போட்டிருந்த கட்டைகள் தீர்ந்திருந்தன. மச்சான் பிளக்காமல் விட்டுப்போனவைதான் கிடந்தன. ஒன்றை உருட்டி நிறுத்திக் கோடாலியை ஓங்கிப் போட்டான்.

கோடாலி துள்ளிக்கொண்டு திரும்பியது.

இன்னும் ஓங்கிப் போட்டான். இந்த முறை உள்ளே இறங்கி மாட்டிக்கொண்டது. காலால் கட்டையை மிதித்து, ஆட்டி, அசைத்து, பிடுங்கி எடுப்பதற்குள் மூச்சு வாங்கியது. வேறொன்றை நிறுத்தினான். அதுவும் அப்படியே. பத்து அடி அடித்தும் பிளக்கவில்லை.

அடிவயிற்றில் சுரீரென்றது. கோடாலியை விட்டுவிட்டு அப்படியே குந்திவிட்டான்.

குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டாரையும் மச்சானையும் தவிர யாருக்கும் தெரியாது. வேலை போய்விடுமே என்று, சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று முதலாளியம்மாவிடம் பொய் சொல்லி லீவு போட்டிருந்தான். திரும்பி வந்த கையோடு வாங்கியதுதான் இந்தப் புதுக் கோடாலி. அன்றிலிருந்துதான் அவன் குவியல் ஏற ஆரம்பித்தது.

வாசலில் மர லாரி வந்து நின்றது. டிரைவர் இறங்கிப் பின்பக்கம் வந்தார்.

"என்ன தம்பி, நீங்க மட்டும் இருக்கீங்க? உங்க மச்சான் எங்க? அவர் இல்லாம கட்டையை யார் பிரிக்கிறது?"

"கட்டையைப் பிரிக்கிறதா?"

"ஆமா. நான் லோடு இறக்கும்போதெல்லாம் வந்து நிப்பாரே. நீங்க வர்றதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் உருட்டி வெச்சிடுவார். நேரான கட்டையெல்லாம் உங்க பக்கம். கணு விழுந்தது, முறுக்கினது, கிளை பிரியற இடத்துல அறுத்ததெல்லாம் அவர் பக்கம். அதெல்லாம் கோடாலிக்கு மசியாது. ஆப்பு இறக்கித்தான் பிளக்கணும்."

"எதுக்கு அப்படிச் செஞ்சார்?"

"நானும் கேட்டேன். உங்களுக்கு வயித்துல ஆபரேஷனாமே. 'ஓங்கி ஓங்கி அடிச்சா தையல் விட்டுடும். சொன்னா கேக்க மாட்டார், ரோஷக்காரர்'னார். 'அதுக்காக நீங்க ஏன் கம்மியாப் பிளந்து பேர் கெட்டுக்கறீங்க'ன்னு கேட்டா சிரிக்கிறார்."

டிரைவர் மச்சானுடைய குரலிலேயே சொன்னார்: "'மாப்பிள்ளை குவியல் உயரமா இருக்கிற வரைக்கும் அவரை யாரும் வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க'ன்னு."

மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். முதலாளியம்மா உள்ளே மாவு நிறுத்துக்கொண்டிருந்தார். ஆபரேஷன் விஷயத்தையும் மச்சான் கட்டை பிரித்ததையும் தன் வாயாலேயே சொல்லிவிட அவரை நோக்கி நடந்தான்.