பத்தியத் தோட்டா

கான்சாஸ் மாநிலம் முழுவதையும் சல்லடை போட்டுத் தேடினாலும், எழுபத்திரண்டு வயதில், ஒற்றைக் கையில் நாற்பத்தைந்து ரகத் துப்பாக்கியை ஏந்தி, வெடிமருந்து முழுதாக நிரப்பிய தோட்டாவை அலுங்காமல் சுடக்கூடிய மனிதர் ஒருவர்தான் இருக்கிறார். அவர் டெல்மர் ஹக்கபி.

இந்தத் தகவலை எல்லோருக்கும் தெரிவித்தவரும் டெல்மர் ஹக்கபிதான்.

அப்படிப்பட்டவர், தன் கைக்கு அளவெடுத்துச் செய்த புதுத் துப்பாக்கியை, அதைச் செய்த ரோஸ்கோவின் பட்டறை மேசையிலேயே கொண்டுவந்து வைத்தார். சுட்டு முடிந்த காலித் தோட்டா வெளியே தெறிக்காமல், பாதி உள்ளே பாதி வெளியே, வீட்டுக் கூரைப் புகைபோக்கி மாதிரி நிமிர்ந்து நின்றது. சாட்சியைக் கலைக்கக் கூடாதென்று அப்படியே கொண்டுவந்திருந்தார்.

"ரெண்டு சுட்டா ஒண்ணு இப்படி நிக்குது. ஆயுசு பூரா உத்தரவாதம்னியே ரோஸ்கோ, யாரோட ஆயுசு? இதோடதா, என்னோடதா?"

ரோஸ்கோ துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார். மணல் நிரப்பிய பீப்பாய்க்குள் கடைத் தோட்டாக்களை வரிசையாகச் சுட்டார். ஒன்றும் சிக்கவில்லை. தோட்டா அடுக்கும் மேகசினை மாற்றிச் சுட்டார். சிக்கவில்லை. காலித் தோட்டாவைக் கவ்வி இழுக்கும் கொக்கியைக் கழற்றி விளக்கடியில் பார்த்தார். அது பிறந்த குழந்தை மாதிரி பழுதில்லாமல் இருந்தது.

பிறகு டெல்மர் கொண்டுவந்த தோட்டாக்களைப் போட்டார்.

இரண்டாவதே சிக்கியது.

"வீட்டுல நிரப்பினதா, பெரியவரே?"

வீட்டில் நிரப்பிய தோட்டாவைப் போட்டால் உத்தரவாதம் செல்லாது. வாங்கும்போதே சொன்னதுதான்.

"அந்தச் சட்டமெல்லாம் பீர் குடிச்சுக்கிட்டே மருந்து கொட்டுற பயலுகளுக்கு. இது அர்லீன் நிரப்பினது."

அர்லீன் அவர் மனைவி. போன பனிக்காலத்தில் இறந்துபோனாள். துப்பாக்கியில் கோளாறு இல்லையென்றால் தோட்டாவில் கோளாறு. தோட்டாவில் கோளாறு என்றால் அர்லீனிடம் கோளாறு. டெல்மர் அதை ஒப்புக்கொண்டு இந்த இடத்தைவிட்டுப் போவதாக இல்லை.

எத்தனை சனிக்கிழமைக் காலைகள். கார் கொட்டகையில் ரேடியோ தன்பாட்டுக்குக் கோதுமை விலையைச் சொல்லிக்கொண்டிருக்கும். அர்லீன் தோட்டா நிரப்பும் எந்திரத்தின் கைப்பிடியை இழுப்பாள். கடக், ஒரு தோட்டா. கடக், இன்னொன்று. சமையலறையில் முட்டை பொரித்தபடி அவர் கேட்டுக்கொண்டிருப்பார். அந்தச் சத்தம் நின்றால் அவளுக்குப் பசி வந்துவிட்டது என்று அர்த்தம்.

மத்தியானம் சுடுகளத்தில் மடக்கு நாற்காலி போட்டு, பிளாஸ்க் காபியோடு உட்கார்ந்திருப்பாள். கை வலிக்குப் பயந்து மருந்தைக் குறைத்துப் போடும் கிழவர்கள் அங்கே நிறைய. டெல்மர் அவர்கள் ஒவ்வொருவரையும் விசாரிப்பார். "என்னப்பா, இன்னிக்கும் பத்தியத் தோட்டாதானா? உப்பாவது போட்டிருக்கியா?"

அர்லீன் காபி ஊற்றுவாள்.

வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து டெல்மருக்கு மணிக்கட்டு முறிந்த வருடம், இனி சுடுவதை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். அடுத்த வசந்தத்தில் டெல்மர் துப்பாக்கியை எடுத்தார். வலியே இல்லை. முறிந்து ஒட்டிய எலும்பு இரும்பாகிவிடும் என்று அன்றே சுடுகளத்தில் அறிவித்தார். டாக்டருக்கும் போன் போட்டுச் சொன்னார்.

"உன் கை என்ன, சாதாரணக் கையா டெல்மர்" என்றாள் அர்லீன்.

பட்டறையில் ரோஸ்கோ, குண்டைப் பிரித்தெடுக்கும் பிளாஸ்டிக் சுத்தியலுக்குள் ஒரு தோட்டாவைச் செருகி மேசையில் ஓங்கித் தட்டினார். ஈயக் குண்டு கழன்று வந்தது. மருந்தைத் தராசுத் தட்டில் கொட்டினார்.

"மூணே முக்கால் கிரெயின் இருக்கு. முழுசுன்னா அஞ்சு இருக்கணும்."

கடைசி நாட்களில் அவளுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்ல டெல்மர் வாயெடுத்தார். அதற்குள் ரோஸ்கோ அடுத்ததைத் தட்டிவிட்டார்.

இரண்டாவது தோட்டா. மூன்றே முக்கால். மூன்றாவதும் அதேதான்.

ரோஸ்கோ தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். "தவறிப் போட்டிருந்தா ஒண்ணு கூடும், ஒண்ணு குறையும். இது மயிரிழை பிசகல. வேணும்னே அளந்து போட்டது. இந்த மருந்துக்குப் புதுத் துப்பாக்கியோட ஸ்பிரிங்கைத் தள்ளப் பலம் பத்தல, அதான் காலித் தோட்டா சிக்குது."

"என் பழைய துப்பாக்கியில இதே தோட்டா ஒரு நாளும் சிக்கினதில்லையே."

"அப்ப அதுல யாரோ ஸ்பிரிங்கை இளக்கமா மாத்தியிருக்காங்க. அதைப் பிரிச்சுத் துடைச்சு வைக்கிறது யாரு? நீங்களா?"

டெல்மர் தன் வாழ்நாளில் எதையும் பிரித்துத் துடைத்ததில்லை.

தராசுத் தட்டில் கறுப்பு மருந்து ஒரு சிட்டிகை கிடந்தது. அவர் அதைக் குனிந்து பார்த்தார். காபியில் சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவர் மாதிரி வெகுநேரம் பார்த்தார்.

"துப்பாக்கியில ஒரு குறையும் இல்லை. கடைத் தோட்டா போடுங்க, ஜம்முனு ஓடும்" என்றார் ரோஸ்கோ, மெதுவாக.

"ஸ்பிரிங்கை இளக்கமா மாத்திடு."

உத்தரவாதம் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

மாற்றி முடித்ததும், மிச்சமிருந்த தோட்டாக்களைத் திரும்பப் பெட்டியில் அடுக்கினார் டெல்மர். அதிகமில்லை. தீர்ந்தால் அடுத்ததை அவரேதான் நிரப்ப வேண்டும். கதவுவரை போனவர் திரும்பி வந்தார்.

"மருந்து எவ்வளவுன்னு சொன்ன?"

"மூணே முக்கால்."

கடைக்கு அனுப்பப்பட்ட சிறுவன் போல, அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வண்டியை நோக்கி நடந்தார்.