தோல் கட்டிய ஜாடி

கோட்டைச் சுவரோரம் கழுத்து வரை புதைத்த ஜாடியின் வாயில் தோலை இழுத்துக் கட்டி, அதில் காதை வைத்துக் குப்புறக் கிடந்தான் ஷூ கான். மண்ணுக்கடியில் எதிரிகள் சுரங்கம் தோண்டி வந்தால் தோல் அதிரும். எத்தனை பேர் என்று அவன் சொன்னதும், இவர்கள் எதிரே தோண்டிய குழி வழியாகத் துருத்தி வைத்துக் கடுகு வைக்கோல் புகையை உள்ளே அடிப்பார்கள்.

சீன ஞானி மோ சியின் வழியில் வந்தவன் அவன். கன்பூசியஸின் ஆட்கள் தன் வீட்டார்தான் முதலில் என்பார்கள். மோ சியின் ஆட்களுக்கு ஊரான் தம்பியும் தன் தம்பியும் ஒன்று. அதைச் சொல்லித்தான் எட்டு வருஷத்துக்கு முன் தம்பியை வயலில் தனியே விட்டுவிட்டு, யார் யார் ஊரையோ காக்கக் கிளம்பினான்.

இன்று தோலில் மூன்று கொத்து, ஒரு நிறுத்தம் என்று கேட்டது. மறுபடி மூன்று கொத்து, ஒரு நிறுத்தம். குதிரை உதைத்துக் கோணலாகக் கூடிய தோளை, மூன்று கொத்துக்கு ஒருமுறை இறக்கி ஆற்றிக்கொள்வான் தம்பி.

"எத்தனை பேருங்க?" துருத்தியைப் பிடித்திருந்த பெண் கேட்டாள். வைக்கோலை அளந்து போட அவளுக்கு அந்த எண் வேண்டும்.

முந்தாநாள் ஆறு என்று சொல்லியிருந்தான். நேற்று ஒன்பது. இரண்டு நாளும் சொல்லிவிட்டுக் கஞ்சி குடிக்கப் போயிருந்தான்.

"நாலு தம்பிங்க."

அவளுக்குப் புரியவில்லை. "நாலு பேருன்னு வெச்சுக்கவா?"

"வெச்சுக்கங்க. ஊதுங்க."

இன்று மட்டும் அவன் காதை எடுக்கவில்லை. மூன்று கொத்து, ஒரு நிறுத்தம். மூன்று கொத்து, ஒரு நிறுத்தம். இரண்டு கொத்து.