வீட்டுக்குள்ளேயே ஒரு சாட்சி

வெறுப்பு என்ற ஒன்றை மட்டும் வழக்கிலிருந்து எடுத்துவிட்டால் போதும், சில வருடங்களில் ஆளை வெளியே கொண்டுவந்துவிடலாம் என்றார் வக்கீல்.

அது கோர்ட்டில் நின்றுவிட்டால் சாகும்வரை உள்ளேதான்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் அவரைச் சுற்றி மாமனார், மாமியார், என் வீட்டுக்காரர், அழுது வீங்கிய முகத்தோடு என் ஓரகத்தி. உள்ளே இருப்பது அவள் புருஷன். என் வீட்டுக்காரரின் அண்ணன். நான் டீ கொடுத்துவிட்டுச் சமையலறை வாசலில் நின்றேன்.

நடந்தது ஊருக்கே தெரியும். வீட்டுக்கு முன்னால் அண்ணனும் தம்பியும் நடத்தும் பஞ்சர் கடைக்கு, டெலிவரி வேலை பார்க்கும் ஒருவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் வேலை முடிந்துவிட்டது, என் டயரை ஏன் தொடவே இல்லை என்று கேட்டான். அவ்வளவுதான். ஸ்பேனரால் மண்டையில் அடி. விழுந்த பிறகும் அடி. எதிர்க்கடைக் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது, சத்தம் மட்டும் இல்லை.

சத்தம் இல்லாததால்தான் இத்தனை பேச்சு. அவன் இன்ன ஆள் என்பதற்காக அடித்தாரா, எதிர்த்துக் கேட்டதற்காக அடித்தாரா என்று டிவியில் தினமும் பட்டிமன்றம். செத்தவனுக்கு இதில் என்ன வித்தியாசம் என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கூடத்திலும் அதேதான் நடந்தது. வெயில், வேலை அலுப்பு, அன்றைக்கு வயிற்று வலி என்று மாமனார் அடுக்கினார். அவனுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டான் என்றார் மாமியார். அந்த ஆட்களுக்கும் பஞ்சர் ஒட்டிக் கொடுத்தவர்தானே என்றாள் ஓரகத்தி. கொடுத்தார். எல்லோரையும் அனுப்பிவிட்டு, கடைசியில். முழுப் பூசணிக்காயை மறைக்க ஆளுக்கு ஒரு கரண்டி சோறு போட்டார்கள்.

என் வீட்டுக்காரர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவர் சாமான் வாங்கப் போயிருந்தார், கடையில் இல்லை. கூடத்தில் இருந்தும் இல்லாத மாதிரி உட்கார்ந்திருந்தாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இதெல்லாம் கோர்ட்டில் நிற்காது என்று வக்கீல் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சாட்சிய எதுக்கு வெளியில தேடணும்? உங்க சின்ன மருமகளே அந்த ஆளுங்கதானே?"

எல்லோர் தலையும் நிமிர்ந்தது.

எதைச் சொந்தக்காரர்களிடம் இத்தனை காலம் மறைத்தார்களோ, எதற்காக என் அப்பா அம்மாவை வாசலோடு திருப்பி அனுப்பினார்களோ, அது இன்று குடும்பத்துக்கே பெருமையாகிவிட்டது. வெறுப்பு இருந்தால் தம்பி பெண்டாட்டியை ஒரே கூரைக்குக் கீழே வைத்திருப்பானா என்று மாமனார் வக்கீலையே கேட்டார். மாமியார் என் கையைப் பிடித்து இழுத்துச் சோபாவில் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். அந்தச் சோபாவை நான் தினமும் துடைக்கிறேன். உட்கார்ந்தது அன்றுதான்.

உள்ளே இருப்பவர் உங்களை எப்போதாவது ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருக்கிறாரா என்று வக்கீல் கேட்டார்.

இல்லை என்றேன். பொய் இல்லை. நல்ல வார்த்தையும் சொன்னதில்லை. நான் எதிரில் நின்றாலும், தண்ணீர் வேண்டுமென்று சுவரைப் பார்த்துத்தான் சொல்வார்.

வக்கீல் முகம் மலர்ந்தது. அதைக் கூண்டில் ஏறிச் சொன்னால் போதும் என்றார்.

"சத்தியம் பண்ணிட்டு சொல்றேன் சார். அவர் என்கிட்ட பேசினது அத்தனையும் சொல்றேன்."

ஓரகத்தி என் தோளில் சாய்ந்து அழுதாள். மாமியார் எனக்கு டீ எடுத்துவரச் சொல்லித் தன் மகனை அனுப்பினார். போலீஸ் வந்தபோதும் வீட்டு ஆண்களைத்தான் விசாரித்தார்கள். இதுவரை என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை.

அவர் என்னிடம் பேசியது ஒரே ஒரு தடவைதான். அவனை அடித்துப்போட்ட அன்று மத்தியானம் கை கழுவப் பின்பக்கக் குழாய்க்கு வந்தார். துவைத்துக்கொண்டிருந்த என்னை நேருக்கு நேர் பார்த்தார்.

"உங்க ஆளுங்கள்ல ஒண்ணு குறைஞ்சுது."