கடைசி வார்த்தை

“கொஞ்ச நாளா படியேறினா மூச்சு வாங்குது. படுத்தா நெஞ்சு படபடன்னு அடிக்குது” என்றார் பேராசிரியர்.

“அடிக்குது” என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி.

இதயப் பரிசோதனை அறையின் டெக்னீஷியன் பெண் கருவியைத் துடைத்தபடியே, கால் வீக்கம் உண்டா என்று கேட்டாள்.

“சாயங்காலமானா வீங்குது.”

“வீங்குது.”

வால்வு கெட்டிருந்தால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார். அதையும் பேராசிரியரே சொன்னார். ஃபைல் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

லிஃப்ட் ஓடாததால் மூன்று மாடியும் ஏறி வர வேண்டியதாயிற்று. விறுவிறுவென்று முதலில் வந்து சேர்ந்தவர் அவர்தான். மனைவிக்காக வாசலில் காத்து நின்றதை ஒரு குறையாகவே சொல்லிக்கொண்டார்.

பிறகு எழுந்து, சுவர்க் கண்ணாடியில் பார்த்துச் சீப்பால் தலைமுடியை ஒதுக்கியபடி, இந்தச் சோதனைக்கு எக்கோ என்று ஏன் பெயர் வந்தது தெரியுமா என்று கேட்டார். அந்தப் பெண் தெரியாது என்றாள். வகுப்பெடுத்தே பழகியவருக்கு அது போதாதா? கிரேக்கக் கதையை ஆரம்பித்துவிட்டார்.

எக்கோ ஒரு வனதேவதை, பொல்லாத வாயாடி. ஒரு சாபத்தால் சொந்தப் பேச்சு போய்விட்டது. அடுத்தவர் பேச்சின் கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்ல மட்டும்தான் அவளால் முடியும். அவள் ஆசைப்பட்டவனோ, குளத்தில் தெரிந்த தன் முகத்தையே பார்த்துக் கிடந்தவன். ஏங்கி ஏங்கி அவள் உடம்பு கரைந்து, குரல் மட்டும் மிஞ்சியது.

“அதான் எதிரொலிக்கே அவ பேரு. இந்த மெஷினும் நெஞ்சுக்குள்ள ஒலியை அனுப்பி, பட்டுத் திரும்புறதை வச்சுப் படம் போடுது. பாவம், அந்தப் பொண்ணுக்கு என்ன செய்யுதுன்னு ஒருத்தனும் கேக்கல.”

“கேக்கல” என்றாள் மனைவி.

டெக்னீஷியன் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டு, ஜெல் பாட்டிலை எடுத்துக்கொண்டு பேராசிரியரிடம் திரும்பினாள்.

“சட்டையைக் கழட்டிட்டு, இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க சார்.”

பேராசிரியர் சீப்பும் கையுமாக நின்றுவிட்டார்.

அவர் ஏதாவது சொல்வார் என்று மனைவி சற்று நேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

“பேஷன்ட் அவர் இல்லம்மா. நான்.”