கூட்டி வைத்த ஐம்பது நிமிடம்

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊருக்கெல்லாம் மணி ஐந்து இருபது. அந்தக் கல்லூரிக்கு மட்டும் ஆறு பத்து.

அன்று அங்கே புது டெலஸ்கோப்புக்குத் திறப்பு விழா. நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். தாளாளரோ டெல்லி விமானத்தைப் பிடிக்க ஐந்தே முக்காலுக்கு மீனம்பாக்கம் கிளம்பியாக வேண்டும். ராகுவையும் நகர்த்த முடியாது, விமானத்தையும் நகர்த்த முடியாது. கடிகாரம்தான் கைக்கு எட்டியது.

யோசனை தாளாளரின் மனைவி கனகவல்லி அம்மாளுடையது. மேனேஜர் துரை ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கட்டடம் கட்டடமாகப் போய், இருந்த கடிகாரத்தையெல்லாம் ஐம்பது நிமிடம் கூட்டி வைத்தார். பியூன் ஆறு மணி அடித்ததும், ஆறு மணிப் பாலுக்கு வரும் ஹாஸ்டல் பூனை வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டது. வண்டலூர் பூங்காவின் சிங்கம்கூட அன்று சீக்கிரமே சாப்பாடு கேட்டுக் கர்ஜித்தது என்பார்கள். அதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

மொட்டை மாடியில் டெலஸ்கோப்புக்குப் பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டரையும் துரை விட்டுவைக்கவில்லை. அதற்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடுகிறது என்று அம்மாளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

அங்கேதான் பௌதிகத் துறை வில்பிரட் குறுக்கே வந்தார்.

டெலஸ்கோப் அவர் செய்தது. கண்ணாடி அவரே தேய்த்தது. அதைத் திருப்பும் இரண்டு மோட்டார்களும் செத்துப்போன பிரிண்டர்களிலிருந்து பிடுங்கியவை. ஒன்றரை வருடம் உட்கார்ந்து ப்ரோக்ராம் எழுதியிருந்தார். வெள்ளி என்று கம்ப்யூட்டரில் கேட்டால் போதும், டெலஸ்கோப் தானே திரும்பி வெள்ளிக் கிரகத்தின் மேல் போய் நிற்கும். சூரியன் இருக்கும்போதே. வெறும் கண்ணுக்குத் தெரியாத நேரத்திலேயே.

அதற்கு ஒன்றே ஒன்று வேண்டும். மணி சரியாக இருக்க வேண்டும்.

ஆறு வருடமாக அவர் தற்காலிக விரிவுரையாளர். பகலில் வெள்ளியைக் காட்டினால் திங்கட்கிழமை காலை நிரந்தர ஆர்டர் கையில் இருக்கும் என்று தாளாளர் பத்துப் பேர் நடுவில் சொல்லியிருந்தார். காட்டாவிட்டால் என்ன என்பதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

நேரம் தப்பானால் டெலஸ்கோப்புக்குக் கண் அவிந்துவிடும் என்று துரையிடம் மன்றாடிப் பார்த்தார்.

"ராகு காலத்துல தொறந்தா மட்டும் தெரிஞ்சிடுமா சார்?" என்றார் துரை.

கடிகாரத்தைத் திருப்பி வைத்தால் துரை மறுபடி வந்து பார்ப்பார். அதனால் வில்பிரட் அதைத் தொடவில்லை. ப்ரோக்ராமில் ஒரே ஒரு வரி சேர்த்தார்: கடிகாரம் எதைச் சொன்னாலும் அதில் ஐம்பது நிமிடம் கழித்துக்கொள்.

ஓட்டிப் பார்த்தார். நீலத்தின் நட்டநடுவே, பாதி நிலா மாதிரி, வெள்ளி நின்றது.

அன்று குருத்தோலை ஞாயிறு. காலை ஆராதனையில் கொடுத்த ஓலைச் சிலுவை சட்டைப் பையில் இருந்தது. அதைத் தொட்டுக்கொண்டார். அதற்குள் நாற்காலி போட ஆள் போதவில்லை என்று கீழே கூப்பிட்டுவிட்டார்கள்.

ஆறு பத்துக்கு, அதாவது ஐந்து இருபதுக்கு, தாளாளர் ரிப்பன் வெட்டினார். வில்பிரட் பட்டனைத் தட்டினார். டெலஸ்கோப் உறுமித் திரும்பி நின்றது. தாளாளர் கண்ணை வைத்தார்.

வெகுநேரம் பார்த்தார். செங்கல் சூளையிலிருந்து மேலே வந்த மனிதர், எதையும் தட்டிப் பார்க்காமல் விடமாட்டார்.

"இன்னா வில்பிரட்டு, வானம்தான் கீது. இத்த நம்ம வூட்டு மாடியிலயே பாத்துக்கினு இருப்பேனே."

வில்பிரட் பார்த்தார். நீலம். மேலே தள்ளினார், கீழே தள்ளினார். நீலம். அந்த வெளிச்சத்தில் கையால் வெள்ளியைத் தேடுவது கோவளம் கடலில் விழுந்த உப்புக்கல்லைத் தேடுவதுதான். கீழே கார் ஹாரன் அடித்தது.

இவ்வளவு நல்ல நேரம் பார்த்துத் தொடங்கியும் வரவில்லையென்றால் ஆளுக்குத்தான் ராசி இல்லை என்று கனகவல்லி அம்மாள் குரலைத் தாழ்த்தாமல் சொன்னார். தாளாளர் கிளம்பிவிட்டார். படி இறங்கும்போது, பௌதிகத்துக்கு ஆள் தேவை என்று பேப்பரில் போடும்படி துரையிடம் மட்டும் சொன்னார்.

மாடியில் துறைத் தலைவர் யக்ஞநாராயணன் மட்டும் நின்றார். ஆறு வருடத்தில் வில்பிரட்டிடம் வேலையைத் தவிர ஒரு வார்த்தை பேசாத மனிதர். படிக்கட்டை எட்டிப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். கண் கலங்கியிருந்தது.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கோ வில்பிரட். தெரிஞ்சா என் வேலையும் போயிடும். நீங்க கீழ சேர் போட்டுண்டு இருந்தப்போ, கம்ப்யூட்டர்ல டைமை நான்தான் சரியா மாத்தி வெச்சேன். இந்தப் பைத்தியக்காரத்தனத்துல உங்க உழைப்பு வீணாகக்கூடாதேன்னு."

வில்பிரட் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

சரியான ஐந்து இருபதிலிருந்து அவருடைய வரி ஒழுங்காக ஐம்பது நிமிடத்தைக் கழித்திருந்தது. டெலஸ்கோப் நாலரை மணி வெள்ளியைத் தேடிப் போயிருந்தது. ராகு காலம் பிறந்த நிமிடத்துக்கு.

"அப்படியும் வரலையே," என்றார் யக்ஞநாராயணன். "ப்ரோக்ராம்லயேதான் ஏதோ தப்பு, இல்லையா?"

"ஆமா சார்," என்றார் வில்பிரட். "ப்ரோக்ராம்லதான்."

யக்ஞநாராயணன் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.