உலோகம் கூடாது

கவுண்டரில் இருந்தவர் வண்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னங்க இது, கரப்பான் பூச்சியா?"

"வண்டுங்க. காகிதம்தான். என் வீட்டுக்காரி செஞ்சது."

ஆறு கால், ஒரு கொம்பு. வெட்டும் இல்லை, ஒட்டும் இல்லை. ஒரே தாளை மூன்று மாதம் உட்கார்ந்து மடித்தாள். அடுத்த மாதம் நடக்கும் காகித மடிப்பு மாநாட்டுக்கு, போகிறவர்கள் யாரிடமாவது கொடுத்தனுப்ப எடுத்து வைத்திருந்தாள்.

அவர் நகத்தால் ஒரு காலின் ஓரத்தைக் கீறினார். உள்ளே வெள்ளியாக மின்னியது.

"ஃபாயில் இருக்கே. உலோகம் எதுவும் உள்ளே போகக் கூடாது. தோடு, மோதிரம், ஊசி, எதுவும். போர்டைப் பார்க்கலையா?"

"வெறும் காகிதம்னா?"

"வெறும் காகிதம்னா பரவாயில்லை. நாலு மணிக்குள்ள கொண்டு வாங்க."

மணி மூன்றே கால்.

அவள் பிரியப்பட்டது ஏதாவது ஒன்று அவள் கையில் இருக்க வேண்டும். வெறுங்கையோடு உள்ளே அனுப்ப அவனுக்கு மனசு வரவில்லை.

சுவரோர பெஞ்சில் உட்கார்ந்து அவளுடைய போனை எடுத்தான். மடிப்புக் குழுவில் காலையிலிருந்து பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. மாநாட்டுக்கு எந்த விமானம், யாருக்கு ஜன்னல் சீட், மடித்ததைக் கசங்காமல் எப்படிக் கொண்டுபோவது. டப்பாவில் பஞ்சு வைக்கச் சொன்னார் 'கணக்கு டீச்சர்'. ஷூ பெட்டிக்கு மிஞ்சி எதுவும் இல்லை என்றார் 'தையல்காரர்'. பெயர்களை அவள் அப்படித்தான் பதிந்து வைத்திருந்தாள். அவர்களில் ஒருவரையும் அவன் பார்த்ததில்லை.

சிமெண்ட் தின்ற விரல்கள். எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தான்.

'ஃபாயில் இல்லாம எந்தத் தாள் நல்லது. உள்ளே உலோகம் விடமாட்டாங்களாம்.'

தையல்காரர் உடனே வந்தார். 'யாரு அக்கா சொன்னது? போன வருஷம் ஃபாயில் டைனோசரை மடியில வச்சுக்கிட்டே பறந்தேன். ஏர்போர்ட்டுல செக் பண்ற அம்மா செல்ஃபி எடுத்துக்கிட்டுத்தான் விட்டாங்க. தைரியமா வண்டைக் குடுத்து விடுங்க, நான் கொண்டு போறேன்.'

'இல்லை. கூடாதுன்னுட்டாங்க. நாலு மணிக்குள்ள வேற மடிக்கணும்.'

இப்போது டீச்சர். 'எங்ககிட்டயா கேக்குறீங்க? சிமெண்ட் மூட்டையோட உள்தாள்தான் ராஜான்னு எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதானே அக்கா. எத்தனை தடவை தப்பா மடிச்சாலும் தாங்கும்னு.'

அவன் அதை இரண்டு தடவை படித்தான்.

கிடங்கில் கிழிந்துபோகும் மூட்டைகளின் உள்தாளைக் கொண்டுவரச் சொல்லி மாதா மாதம் நச்சரிப்பாள். அலமாரியில் விரிக்கக் கேட்கிறாள் என்று நினைத்திருந்தான். பல நாள் மறந்துபோனான். சில நாள் மறந்துபோனதாகச் சொன்னான்.

வண்டைச் சுற்றிக்கொண்டு வந்ததே அந்தத் தாளில்தான்.

தொடைமேல் போட்டு நீவினான். 'சுலபமா என்ன மடிக்கலாம்?'

'மீன். பன்னிரண்டே மடிப்பு.' தையல்காரர் படம் படமாக அனுப்பினார். 'இழை ஓடுற வாக்குல முதல் மடிப்பு. மடிச்ச இடத்தை நகத்தால தேய்ங்க. என்னக்கா, இன்னைக்குத் திரும்பவும் ஒண்ணாங் கிளாஸ்ல சேர்ந்துட்டீங்களா?'

நகம் என்று சொல்ல அவனுக்கு மூன்று விரலில்தான் மிச்சம்.

மூட்டை தூக்கச் சொன்னால் ஒரு நாளைக்கு முந்நூறு தூக்குவான். ஓரத்தோடு ஓரம் சேர்க்க வரவில்லை. ஏழாவது மடிப்பில் வால் தலைப்பக்கம் வந்து நின்றது. பிரித்தான். மறுபடியும் மடித்தான். மறுபடியும் பிரித்தான். தாள் நைந்து துணி மாதிரி ஆனது. ஆனாலும் கிழியவில்லை.

நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, மீன் என்று சொன்னால் மீன் என்று ஒத்துக்கொள்ளக்கூடிய ஒன்று கையில் இருந்தது. படம் பிடித்துக் குழுவில் போட்டான். சரியா தப்பா என்று கேட்க வேறு ஆள் கிடையாது.

'அய்யய்யோ அக்கா, மீனா இது?' என்றார் தையல்காரர். ' லாரி ஏறின தவளை மாதிரி இருக்கு. யாரு மடிச்சது?'

'வீட்டுக்காரர்.'



பிறகு டீச்சர் எழுதினார். 'அண்ணனா? அண்ணன் மடிக்கிறாரா? அப்போ இந்தத் தடவையாவது உங்களை அனுப்பச் சம்மதிச்சுட்டாரா? நாலு வருஷமா கேக்குறீங்களே. ஒரு வார்த்தை சொல்லுங்க அக்கா, உங்களுக்கும் சேர்த்து டிக்கெட் போட்டுடுறேன்.'

காகிதம் மடிக்கவா விமானம் ஏறிப் போவாங்க என்று நாலு வருஷமும் கேட்டிருக்கிறான். அவள் ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசியதில்லை. போய்விட்டு வந்தவர்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவன் அடித்தான்.

'சம்மதிச்சுட்டார்.'

திரை முழுக்கக் கைதட்டும் கைகள் வந்து விழுந்தன. தையல்காரர் தன் ஜன்னல் சீட்டை அக்காவுக்கு விட்டுக்கொடுத்தார்.

அவளுடைய தம்பி வந்து பெஞ்சருகில் நின்றான். முகம் வீங்கியிருந்தது.

"மாமா, உலை சூடாயிடுச்சாம். அடுத்தது நாமதான். அக்காவைத் தூக்கணும். தலைப்பக்கம் நீங்க பிடிங்க."

போன் சட்டைப்பையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. மீனை அவள் கையில் வைத்துவிட்டு, அவன் தலைப்பக்கம் பிடித்தான்.