கரு உள்ள இரத்தம்

"கோழி," என்றார் டாக்டர் திருநாவுக்கரசு, மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "கத்தியில் இருப்பது கோழி இரத்தம். சந்தேகமே இல்லை."

முதலில் சிரித்தவன், இன்ஸ்பெக்டரின் பக்கத்தில் நின்ற மீரா சாகிப்.

சுவரோரம் நின்ற சலேஹா ஓரடி முன்னால் வந்தாள்.

சூலியா தெருவில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தான் மீரா சாகிப். அவளுடைய கணவன் கமால் அந்தக் கடையின் சமையற்காரன். எதிர்வரிசையில் சொந்தக் கடை திறக்க இடம் பிடித்திருந்தான். திறப்பதற்குள், பின்சந்தில் வயிற்றில் குத்துப்பட்டுக் கிடந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்த சற்று நேரத்தில் உயிர் போய்விட்டது.

மீரா சாகிப் இரத்தக் கத்தியோடு சந்திலிருந்து கடைக்குள் ஓடியதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். போலீஸ் நுழைந்தபோது கத்தி அடுப்படியில் ஈரம் காயாமல் கிடந்தது.

கோழி அறுத்தேன் என்றான் அவன்.

அது கோழியின் இரத்தமா, கமாலின் இரத்தமா என்பதில்தான் அவன் கழுத்து தொங்கிக்கொண்டிருந்தது.

"நானே பாக்கணும்," என்றாள் சலேஹா.

"புருஷன் செத்து, இத்தா இருந்து வீட்டுக்குள்ள கிடக்கவேண்டிய பொம்பளை, ஆம்பளைங்க நடுவுல வந்து நிக்கிறா. இதுல டாக்டர் படிப்பு வேற!" என்றான் மீரா சாகிப்.

வாசலை அடைத்துக்கொண்டு நின்ற அவன் வாடிக்கைக்காரர்கள் சிரித்தார்கள். அவன் நல்லவன் என்று சொல்ல வந்தவர்கள் அவர்கள். துறைமுக ஆபீஸில் எழுத்துவேலை பார்க்கும் கிராணி அப்துல் அஜீஸ் எல்லாருக்கும் முன்னால் நின்றார்.

டாக்டர் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

முதல் கண்ணாடித் தகட்டில் வட்ட வட்டமாகத் தெரிந்தன. நடுவில் வெளிறி, குழிந்து, காலித் தட்டுகளைக் கொட்டிவைத்தது போல.

"இது உங்கள் கணவருடையது. மனித இரத்தத்தின் சிவப்பு அணு. எலும்புக்குள் பிறக்கும்போது இதற்குக் கரு உண்டு. இரத்தத்தில் இறங்குமுன் அதை வெளியே தள்ளிவிடும். மூச்சுக்காற்றைச் சுமக்க உள்ளே இடம் வேண்டுமே."

தகட்டை மாற்றினார்.

இவை நீண்டிருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் சாயம் குடித்துக் கறுத்த ஒரு பொட்டு, கொட்டை வைத்தது போல.

"இது கத்தியிலிருந்து எடுத்தது. கறுப்பாக இருக்கிறதே, அதுதான் கரு. பறவை கடைசிவரை அதை விடாது. மனித அணு ஒன்றுகூட இதில் எனக்குக் கிடைக்கவில்லை."

"கேட்டியா?" மீரா சாகிப் தொடையில் தட்டினான். "உன் புருஷனுக்கு உள்ள ஒண்ணுமே இல்லையாம்லா! இத்தனை வருஷமா நான் அதத்தானே சொல்லிட்டிருந்தேன்!"

மறுபடியும் சிரிப்பு. தமிழ் தெரியாத வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் துரை முகத்தைச் சுளித்தபடி தொப்பியை எடுத்தார். அவருக்கு வேலை முடிந்துவிட்டது.

சலேஹா எழுந்தாள். கமால் இருந்தவரை மீரா சாகிப்பை அவள் நானா என்றுதான் கூப்பிட்டாள். அண்ணனைப் போல. அவன் எதற்குப் பயப்படுவான், எதற்குப் பயப்படமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும்.

அவன் கடையில் அறுப்பு அவன் கையால்தான். தெருவுக்கே கேட்கும்படி, அல்லாவின் பெயர் சொல்லும் பிஸ்மியை ஓதித்தான் கத்தியை வைப்பான். பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வரும் கூட்டம் நாலு கடை தாண்டி அவன் கடைக்கு வருவது அந்தக் குரலுக்காகத்தான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தாள்.

"கோழிதான், ஒத்துக்கிறேன். அன்னிக்கு மத்தியானம் இவன் கடையில கோழிக்கறி தின்னது யாரு? சந்துல ஒருத்தன் குடல் சரிஞ்சு கிடக்க, இவன் அறுத்த கோழி! அன்னிக்கு எவன் காதுலயாவது பிஸ்மி விழுந்துச்சா? பிஸ்மி இல்லாத ஹராமைத் தின்னுட்டு வந்து இவனை நல்லவன்னு சொல்லுறீங்க!"

சிரிப்பு நின்றது.

ஒருவன் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"சாகிபு," என்றார் அப்துல் அஜீஸ் மெதுவாக. "நான் அன்னிக்கு ரெண்டு துண்டு வாங்கினேனே."

மீரா சாகிப்பின் முகத்தில் அதுவரை இல்லாத ஒன்று வந்தது. கைவிலங்கைக் கண்டபோதுகூட வராதது.

"நீங்க தின்னது விடியக்காலையில அறுத்ததுலா! அந்தக் கோழி இல்ல!" அவன் கத்தினான். "அது ஒருத்தன் வாயிலயும் படல! பிஸ்மி சொல்லாத உருப்படியை என் சட்டியில போடுவேனா? அறுத்த கையோட அப்படியே சாக்கடையில எறிஞ்சேன்! என் கடையப் பத்தி எவளாவது ஒரு சொல்லு..."

அங்கேயே நின்றுவிட்டான்.

சட்டிக்குப் போகாத கோழியை எதற்கு அறுத்தாய் என்று யாரும் கேட்கவில்லை; கழுவிய கத்தியில் வேறு இரத்தம் பூசத்தான். டாக்டர் கண்ணாடித் தகட்டைப் பார்த்தார். பிறகு அவன் கைகளைப் பார்த்தார்.

கதவருகே போய்விட்ட இன்ஸ்பெக்டர் திரும்பினார். என்ன சொல்கிறான் என்று இங்கிலீஷில் கேட்டார்.

மீரா சாகிப் வாசலைப் பார்த்தான். வருடக்கணக்கில் தன் கையால் சோறு போட்ட முகங்கள்.

அப்துல் அஜீஸ் ஒரு நீண்ட மூச்சு விட்டார். "அல்ஹம்துலில்லாஹ். நாங்க அதைத் தின்னல," என்றார்.

பிறகு துரையின் பக்கம் திரும்பி, கிராணிக்கே உரிய சுத்தமான இங்கிலீஷில், ஒரு சொல் விடாமல் அத்தனையும் சொல்லத் தொடங்கினார்.

சலேஹா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். மீதி இத்தாவை இருந்து முடிக்க வீட்டுக்கு நடந்தாள்.